கெடும்போதும் காக்கும் மின்சுற்று

(வேப்பம்பட்டில், மின்பணியாளரும் மின்னணுவியல் பயிலும் மாணவரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

இவ் வேப்பம்பட்டைத் தொட்டுச் செல்லும் தொடர்வண்டித் தடம் பழைமையானது. தென்னாட்டின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கிச் சென்றது இத் தடத்தின் வழியாகத்தான். இன்று அதன்மேல் தொங்கும் கம்பியில் 25,000 வோல்ட்டு மாறுமின் நிற்கிறது. அதன்கீழ் ஓடும் வண்டி அப் பேரழுத்தத்தை ஒரு மின்மாற்றியால் குறைத்துத் தனக்கு வேண்டிய அளவில் எடுத்துக்கொள்கிறது. மின்மாற்றி என்பது என்ன? ஓர் இரும்பு நெஞ்சின்மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்களே. அசையும் உறுப்பு அதில் ஒன்றுமில்லை; இழப்பும் மிகச் சிறிது.

ஆனால் இவ்வூர் வீடுகளில் மின் நின்றுபோகும் வேளைகளில் கைகொடுப்பது மாறுமின் அன்று. மின்கலத்திலிருந்து வரும் நேர்மின். கதிரவ ஒளித்தகடு தருவதும் நேர்மின்னே. நேர்மின்னை மின்மாற்றியால் குறைக்க இயலாது. ஒரு சுருளில் ஓடும் மின் மாறிக்கொண்டே இருந்தாலன்றி மறுசுருளில் மின் பிறவாது. அங்ஙனமாயின் 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து 5 வோல்ட்டில் இயங்கும் கைப்பேசிக்கு எவ்வாறு மின் கொடுப்பது? கொடுக்கும் கருவி ஒருநாள் கெட்டால் கைப்பேசி என்னாகும்? வீடு என்னாகும்? இவையே இவ்வுரையின் பொருளாம்.

நேர்மின்னைக் குறைக்கும் இரண்டு வழிகள்

பழைய வழி எரித்துக் குறைப்பது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை 1931-இல் ஓடத் தொடங்கிய மின்தொடர்வண்டிகள் 1,500 வோல்ட்டு நேர்மின்னில் இயங்கின. அவ் வகை வண்டிகள் புறப்படும்போது, மின்னோடிக்கு அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க, இடையில் தடைகளை வைத்து மிகுதியான ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விட்டனர். அத் தடம் 1960-களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட்டு மாறுமின்னுக்கு மாற்றப்பட்டது. எனினும் எரித்துக் குறைக்கும் வழக்கம் சிறு கருவிகளில் இன்றும் உள்ளது. மூன்று கால்களையுடைய 7805 முதலிய சீராக்கிகள் அவ் வகையினவே.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டாக இறக்கி 2 ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்க. பயன்படும் ஆற்றல் 10 வாட்டு. இடையிலுள்ள 7 வோல்ட்டும் 2 ஆம்பியரும் பெருகி 14 வாட்டு வெறும் வெப்பமாகிறது. மின்கலம் 24 வாட்டு கொடுத்து 10 வாட்டைப் பெறுகிறது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பங்கு வீண்.

இரண்டாவது வழி வெட்டிக் குறைப்பது. நேர்மின்னை ஓர் அரைக்கடத்திச் சொடுக்கியால் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, அவ்வாறு துண்டு துண்டாய் வரும் மின்னை ஒரு மின்தூண்டியாலும் மின்தேக்கியாலும் சமன்செய்து கொடுப்பது இம் முறை. கடையில் 'பக் கன்வெர்ட்டர்' என்று கேட்டால் எடுத்துத் தருவது இதுவே. இவ்வுரையில் இதனை 'அழுத்த இறக்கி' என வழங்குவோர்க்கு ஒரு தடையும் இல்லை; அழுத்தத்தை இறக்குவதுதானே அதன் தொழில்!

இது வேலைசெய்யும் முறையைக் குயவரின் திகிரி நன்கு விளக்கும். குயவர் கோல்கொண்டு திகிரியைத் தள்ளுகிறார். பின்பு கோலை எடுத்துவிடுகிறார். கோல் இல்லாத வேளையிலும் திகிரி தன் எடையால் சுழன்றுகொண்டே இருக்கிறது. விரைவு குறையுமுன் மீண்டும் ஒரு தள்ளு. தள்ளுதல் விட்டுவிட்டு நிகழ்ந்தாலும் சுழற்சி சீராக உள்ளது. இங்கே கோல்தான் சொடுக்கி. எடைமிக்க திகிரிதான் மின்தூண்டி. சொடுக்கி மூடியுள்ள வேளையிலும் மின்தூண்டி தன்னுள் தேக்கிய காந்த ஆற்றலால் மின்னோட்டத்தைத் தொடரச் செய்கிறது. அவ்வோட்டம் சுற்றிவர வழிவிடுவது ஓர் இருமுனையம். மின்னைத் திறந்துவைக்கும் பொழுதின் பங்கைக் கூட்டினால் வெளியழுத்தம் கூடும், குறைத்தால் குறையும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டைப் பெற, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 42 பங்குப் பொழுது சொடுக்கி திறந்திருந்தால் போதும். உறுப்புகளில் நேரும் இழப்பை ஈடுசெய்ய இன்னும் சிறிது கூடும்.

இவ் வேலையைச் செய்யப் பெரிதும் வழங்கும் தொகுசுற்று எல்.எம். 2596. அமெரிக்காவின் நேசனல் செமிகண்டக்டர் நிறுவனம் ஆக்கியது. அந்நிறுவனத்தை 2011-இல் டெக்சாசு இன்சுட்ருமெண்ட்சு வாங்கிக்கொண்டது. நொடிக்கு 1,50,000 முறை சொடுக்குவது. 40 வோல்ட்டு வரை ஏற்பது. 3 ஆம்பியர் வரை தருவதாகக் குறிக்கப்பெற்றது. 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டு தரும்போது நூற்றுக்கு 80 பங்கு பயன் என்கிறது அதன் குறிப்பேடு. முன்சொன்ன 10 வாட்டுக்கு மின்கலம் கொடுக்க வேண்டியது 24 அன்று, 12½ வாட்டே. ஒரே மின்கலம் ஏறத்தாழ இருமடங்கு பொழுது தாங்கும். 2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னையையும் அதன் சுற்றூர்களையும் தாக்கிய பின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின் இல்லை. அத்தகைய இருட்டில் ஒரு கைப்பேசி இருமடங்கு பொழுது உயிரோடிருப்பது சிறு நன்மையா?

கெடும் முறையை அறிக

நன்மையைப் பேசுவோர் பலர். கேட்டைப் பேசுவோர் சிலரே. ஒரு கருவி எப்படி இயங்கும் என்று அறிவது அரையறிவு. எப்படிக் கெடும் என்று அறிவதே முழுவறிவு.

எரித்துக் குறைக்கும் கருவியும் சரி, வெட்டிக் குறைக்கும் கருவியும் சரி, மின்கலத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் நிற்பது ஓர் அரைக்கடத்தித் துண்டுதான். அளவுக்கு மேற்பட்ட அழுத்தமோ வெப்பமோ தாக்கினால் அத்துண்டு பெரும்பாலும் எப்படிக் கெடுகிறது? கம்பி அறுந்ததுபோல் விட்டுப்போவதன்று. உருகி ஒட்டிக்கொண்டு இருபுறமும் ஒன்றாகிவிடுகிறது. குயவர் கை ஓயாது திகிரியை உந்திக்கொண்டே இருந்தால் என்னாகுமோ அதுவே இங்கும் ஆகிறது. மின்கலத்தின் 12 வோல்ட்டும், மின்னேற்றும் வேளையாயின் 14.4 வோல்ட்டும், 5 வோல்ட்டுக்கென அமைந்த கைப்பேசிக்குள் அப்படியே பாயும்.

எல்.எம். 2596-க்குள் வெப்பம் மிகுந்தால் நிறுத்தும் காப்பும், மின்னோட்டம் மிகுந்தால் தடுக்கும் காப்பும் உள்ளனவே என்பர். உள்ளன, மெய்தான். ஆனால் அக் காப்புகள் சொடுக்கிக்கு 'மூடு' என்று ஆணையிடுபவை. ஒட்டிப்போன சொடுக்கி யாருடைய ஆணையைக் கேட்கும்? திருடனையே காவலனாக வைத்தவன் பூட்டை மட்டும் நம்பியிருத்தல் ஆகுமா? காப்பு அக் கருவிக்கு வெளியே, அதனைச் சாராமல் இருக்க வேண்டும். இவ்வுரை முழுவதையும் ஒரே தொடரில் சொல்ல வேண்டுமாயின் அது இதுவே: இயங்கும்போது காக்கும் சுற்று அரைச்சுற்று, கெடும்போதும் காப்பதே முழுச்சுற்று.

மூன்று காவலர்

முதற் காவலன் உருகி. வீடுகளில் மின்மாற்று அமைப்புக்கு வைக்கும் 150 ஆம்பியர்-மணி ஈயக்காடி மின்கலம் ஒன்றைக் குறுக்காக இணைத்துவிட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். மெல்லிய கம்பி நொடிப்பொழுதில் செஞ்சூடாகும். அதன் மேலுறை எரியும். அருகில் இருக்கும் திரையும் துணியும் பற்றும். 5 வோல்ட்டுக் கருவிதானே என்று எண்ணுவது தவறு. எரிப்பது 5 வோல்ட்டன்று, அதன்பின் நிற்கும் மின்கலம். ஆகவே உருகி, சுற்றுப் பலகையின்மேல் அன்று, மின்கலத்தின் நேர்முனையை ஒட்டியே இருத்தல் வேண்டும். உருகிக்கு முன்னுள்ள கம்பிக்குக் காப்பு இல்லை. அதனால் அக் கம்பி எத்துணைக் குறுகியதோ அத்துணை நன்று.

உருகியின் அளவு என்ன? 10 வாட்டு வெளியீட்டுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் உட்செல்லும். மின்கலம் தளர்ந்து 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் மின்னோட்டம் 1.2 ஆம்பியராகக் கூடும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. எளிய தடைக்கு அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். அழுத்த இறக்கிக்கோ அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் கூடும். வேண்டிய வாட்டினை எப்படியும் இழுத்துக்கொள்ளும் இயல்பு அதனுடையது. ஆதலின் தளர்ந்த மின்கலத்தைக் கணக்கில் வைத்தே உருகியைத் தேர வேண்டும். இங்கே 2 ஆம்பியர் மெல்ல எரியும் உருகி பொருந்தும். தளர்ந்த ஈயக்காடி மின்கலத்தை 10.5 வோல்ட்டுக்குக் கீழ் இழுக்காதபடி வெட்டிவிடும் அமைப்பும் இருந்தால் மின்கலத்தின் வாழ்நாளும் காக்கப்படும்.

இரண்டாங் காவலன் முனை மாறினால் தடுப்பவன். இருட்டில், கைவிளக்கின் ஒளியில், மின்கலத்தைத் தலைகீழாக இணைப்பது அரிதன்று. உருகிக்குப் பின், உள்ளீட்டின் குறுக்கே, ஓர் இருமுனையத்தை எதிர்ப்பக்கமாகப் பொருத்தினால் போதும். முனை சரியாயிருக்கும்வரை அது உறங்கும். மாறினால் விழித்து உருகியை எரித்துவிடும். இழப்பு ஓர் உருகி மட்டுமே.

மூன்றாங் காவலன் மிகையழுத்தம் கண்டால் மின்னை வெட்டுபவன். வெளியீட்டில் 5.6 வோல்ட்டுச் சீனர் இருமுனையம் ஒன்று காவல் நிற்கட்டும். வெளியழுத்தம் 6 வோல்ட்டைச் சற்றே தாண்டியவுடன் அது கடத்தத் தொடங்கி, எசு.சி.ஆர். என்னும் பூட்டுச் சொடுக்கிக்குக் குறி கொடுக்கும். அந்த எசு.சி.ஆர். உள்ளீட்டின் குறுக்கே, உருகிக்குப் பின்னால் இருக்க வேண்டும். குறி கிடைத்ததும் அது உள்ளீட்டையே குறுக்காக்கும், உருகி எரியும், மின் அறும். சிலர் இதனை வெளியீட்டின் குறுக்கே வைப்பர். அதுவும் கைப்பேசியைக் காக்கும். ஆனால் சொடுக்கி நன்றாயிருந்து பின்னூட்டம் மட்டும் அறுந்த வேளையில், இறக்கியின் மின்னோட்டத் தடுப்பு குறுக்கிட்டு, உருகி எரியாமலே நின்றுவிடக் கூடும். கருவி சூடேறிக்கொண்டே இருக்கும். உள்ளீட்டில் வைப்பின் இரு வகைக் கேட்டிலும் உருகி எரியும். எசு.சி.ஆர். உருகியைவிட வலியதாக இருக்க வேண்டும் என்பதை மறவாதீர். உருகி எரியுமுன் காவலன் எரிந்துவிடலாகாது.

இம் மூவருக்கும் ஆகும் செலவு சில பத்து உருபாவே. காக்கப்படுவதோ பல்லாயிரம் உருபாக் கைப்பேசியும், அதனினும் பெரிதாய் ஒரு குடும்பத்தின் உறக்கமும்.

ஒரு சிறு திருகின் பெருங்கேடு

வெளியழுத்தம் எவ்வளவு என்று தொகுசுற்றுக்குச் சொல்வது பின்னூட்டக் கம்பி. வெளியீட்டிலிருந்து பொதுமுனைவரை இரண்டு தடைகளைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியின் அழுத்தத்தை அது பார்க்கிறது. அப்புள்ளி 1.23 வோல்ட்டில் நிற்குமாறு திறக்கும் பொழுதைக் கூட்டியும் குறைத்தும் ஆள்கிறது. கீழ்த்தடை 1,000 ஓமும் மேல்தடை 3,090 ஓமும் ஆயின் வெளியழுத்தம் 5.03 வோல்ட்டு.

சிறு நீலப் பலகைகளாய் விற்கப்படும் இறக்கிகளில் மேல்தடைக்கு மாற்றாக ஒரு திருகுதடையை வைத்துள்ளனர். திருகினால் அழுத்தம் மாறும், எளிதுதான். ஆனால் அத் திருகுதடையின் உள்ளே நகரும் தொடுமுனை தூசியாலோ அதிர்ச்சியாலோ துருவாலோ விட்டுப்போனால் என்னாகும்? நடுப்புள்ளி பொதுமுனைக்கு இழுக்கப்பட்டுச் சுழியாகும். வெளியழுத்தம் குறைந்துவிட்டது என்று தவறாக எண்ணும் தொகுசுற்று, சொடுக்கியை முடிந்தமட்டும் திறந்துவைக்கும். ஏறத்தாழ முழு மின்கல அழுத்தமும் வெளியேறும். கருவி கெடவில்லை, கேட்ட செய்தி பொய்த்தது, அவ்வளவே!

தீர்வு எளிது. அழுத்தம் மாற்ற வேண்டாத இடத்தில் இரண்டும் நிலையான தடைகளாகவே இருக்கட்டும். மாற்றியே ஆகவேண்டுமாயின் திருகுதடையைக் கீழே வையுங்கள். கீழ்த்தடை விட்டுப்போனால் நடுப்புள்ளி வெளியீட்டோடு ஒன்றாகும், வெளியழுத்தம் 1.23 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கைப்பேசி மின்னேறாது, ஆனால் எரியாது. உறுப்பு ஒன்றே, கேடும் ஒன்றே, வைத்த இடம் வேறு. ஒரே அறுபாடு ஓரிடத்தில் அழிவாகிறது, மற்றோரிடத்தில் வெறும் ஓய்வாகிறது. வடிவமைப்பு என்பதன் பொருள் இதுவன்றோ?

உறுப்புகளின் தேர்வு

மின்தூண்டியில் ஓடுவது ஒரே சீரான ஓட்டமன்று. ஒவ்வொரு சுற்றிலும் அது சிறிது ஏறி இறங்கும். 33 மைக்ரோ என்றி அளவுள்ள மின்தூண்டியில், 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டு பெறும்போது, நொடிக்கு 1,50,000 முறை சொடுக்கினால் இவ்வேற்ற இறக்கம் ஏறத்தாழ 0.6 ஆம்பியர். 2 ஆம்பியர் கொடுக்கும்போது உச்சி 2.3 ஆம்பியர். இரும்பு நெஞ்சு தாங்கும் காந்த அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மின்தூண்டி வெறும் கம்பியாகிவிடும். ஓட்டம் கட்டற்று ஏறும். அதன் தாக்கு முழுதும் சொடுக்கிமேல் விழும். ஆகவே மின்தூண்டியை அதன் பருமனைப் பார்த்து வாங்காமல், எத்தனை ஆம்பியர்வரை நிறைவுறாது நிற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. எல்.எம். 2596 என்று எழுத்துப் பொறித்து மிக மலிவாக உலகெங்கும் விற்கப்படும் துண்டுகளுள் சில, அலைகாட்டியில் வைத்துப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 50,000 முறையே சொடுக்குகின்றன. விரைவு மூன்றிலொன்றானால் ஏற்ற இறக்கம் மும்மடங்காகும்: 0.6 இருந்த இடத்தில் 1.8 ஆம்பியர், உச்சி 2.9 ஆம்பியர். சரியெனக் கணித்த மின்தூண்டி அங்கே தோற்றுவிடும். இரிச்சித் தெருவில் வாங்கினாலும் இணையக் கடையில் வாங்கினாலும், மேலெழுத்தை நம்பாமல் அலைகாட்டியைக் கேளுங்கள்.

அடுத்து இருமுனையம். பழுது பார்க்கும் கடைகளில் கைக்கு முதலில் அகப்படுவது 1என்4007. அது 1,000 வோல்ட்டு தாங்குமே என்று இங்கே பொருத்துவோர் உளர். அது வீட்டு மின்னுக்கு, நொடிக்கு 50 முறை மாறும் மின்னுக்கு ஆக்கப்பெற்றது. கடத்துவதை நிறுத்த அதற்கு ஆகும் பொழுது, இவ்விறக்கியின் ஒரு சுற்று முழுமைக்கும் ஆகும் பொழுதோடு ஒப்பிடத்தக்கது. அந்த இடைவேளையில் மின் பின்னோக்கிப் பாய்ந்து, தன்னையும் சொடுக்கியையும் சுடும். வேண்டுவது 1என்5822 போன்ற சாட்கி வகை, 40 வோல்ட்டும் 3 ஆம்பியரும் தாங்குவது, உடனுக்குடன் நிறுத்துவது.

மூன்றாவது மின்தேக்கி. உள்ளீட்டு மின்தேக்கிதான் இச்சுற்றில் மிகவும் அலைக்கழிக்கப்படும் உறுப்பு. வெளியீடு 2 ஆம்பியராயின் அதனூடே ஏறத்தாழ ஓர் ஆம்பியர் அலையோட்டம் இடையறாது சென்று வரும். எத்தனை மைக்ரோபாரடு என்பதோடு எத்தனை அலையோட்டம் தாங்கும் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

வெயிலும் வெப்பமும்

சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் 45 பாகை வெப்பம் பதிவாயிற்று. வேப்பம்பட்டில் தகரக் கூரையின்கீழ் மூடிய பெட்டிக்குள் 60 பாகை என்பது மிகைக் கணக்கன்று. குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் 25 பாகையில் எழுதிய எண்ணை அப்படியே இங்கு நம்பலாமா?

எல்.எம். 2596 துண்டு, வெப்பத்தகடின்றி நிற்கையில், தன்னுள் எரியும் ஒவ்வொரு வாட்டுக்கும் 50 பாகை சூடேறும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும்போது அதனுள் எரிவது ஏறத்தாழ 1½ வாட்டு. ஏறுவது 75 பாகை. பெட்டியின் 60 பாகையோடு கூட்டினால் 135. அத்துண்டின் எல்லை 125 பாகை. ஆகவே '3 ஆம்பியர்' என்று எழுதிய கருவி இவ்வூர்க் கோடையில் வெப்பத்தகடின்றி 3 ஆம்பியர் தராது. 2 ஆம்பியரில் எரிவது ஒரு வாட்டளவே. 110 பாகையில் நிற்கும். எல்லையில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வதே வாழ்நாளுக்கு வழி.

மின்தேக்கிக்கும் இவ்வாறே. உள்ளிருக்கும் நீர்மம் வற்றுவதே அதன் மூப்பு. வெப்பம் 10 பாகை குறைந்தால் வாழ்நாள் இருமடங்காகும் என்பது தொழிலறிந்தோர் கைக்கணக்கு. 85 பாகையில் 2,000 மணி என்று குறித்தது, 65 பாகையில் 8,000 மணி தாங்கும், ஓராண்டுகூட நிறையாது. 105 பாகையில் 2,000 மணி என்று குறித்தது, அதே 65 பாகையில் 32,000 மணி. மூன்றரை ஆண்டுக்கு மேல். இரண்டுக்கும் விலை வேறுபாடு ஓரிரண்டு உருபா.

கம்பியின் நீளம்

சுற்றை வரைந்த தாளில் கம்பி வெறும் கோடு. பலகையிலோ ஒவ்வொரு விரற்கடைக் கம்பியும் ஒரு சிறு மின்தூண்டி. ஒரு சென்றிமீட்டர்க் கம்பிக்கு ஏறத்தாழ 10 நானோ என்றி என்க. 2 ஆம்பியர் ஓட்டம் 20 நானோநொடியில் நின்றால் அச் சிறு கம்பியில் ஒரு வோல்ட்டு துள்ளும். உள்ளீட்டு மின்தேக்கியைப் பத்துச் சென்றிமீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு சொடுக்கிலும் 10 வோல்ட்டுத் துள்ளல் சொடுக்கியின்மேல் விழும். நொடிக்கு 1,50,000 அடி! ஆகவே உள்ளீட்டு மின்தேக்கி, தொகுசுற்று, இருமுனையம் ஆகிய மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கட்டும். பின்னூட்டக் கம்பி மின்தூண்டியின் அருகில் போகாமல் விலகிச் செல்லட்டும்.

மேல் எல்லையை மறவாமை

வீட்டு மின்கலத்துக்கு அமைத்த இறக்கியை அப்படியே ஊர்தியில் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. ஓடும் வண்டியில் மின்கல இணைப்பு கழன்றால், மின்னாக்கியிலிருந்து வரும் அழுத்தம் ஒரு கணம் மேலெழும். காப்பில்லாத 12 வோல்ட்டு வண்டிகளுக்கு அது 79 முதல் 101 வோல்ட்டு எனக் கொண்டு ஆய்ந்து பார்க்கச் சொல்கிறது உலகத் தர வரையறை. 40 வோல்ட்டு எல்லையுள்ள கருவி அங்கே நில்லாது. உள்ளீட்டில் மிகையழுத்தத்தை வெட்டும் இருமுனையம் இன்றி வண்டியில் எதனையும் பொருத்தலாகாது.

48 வோல்ட்டும் அவ்வாறே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் சுஞ்சுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் 48 வோல்ட்டு நேர்மின் இல்லங்களை முன்வைத்துப் பணியாற்றினர். 48 வோல்ட்டு ஈயக்காடி அடுக்கு மின்னேறும்போது 57.6 வோல்ட்டைத் தொடும். 40 வோல்ட்டுக் கருவி அதில் இணைத்த நொடியே கெடும், கெட்டு ஒட்டும், ஒட்டி அனைத்தையும் கீழே விடும். அதற்கென உயரழுத்த வகைகள் உள்ளன. அவற்றையே நாட வேண்டும். உருகியும் நேர்மின்னுக்கு உரியதாய் இருத்தல் வேண்டும். மாறுமின் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அவியும். நேர்மின் சுழியைத் தொடுவதில்லை. அதன் பொறி நீண்டு எரியும்.

யாவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. இவ்வகை இறக்கியில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பிரிவு இல்லை, பொதுமுனை ஒன்றே. 230 வோல்ட்டு வீட்டு மின்னை நேராகத் திருத்தினால் 325 வோல்ட்டு நேர்மின் வரும். அதிலிருந்து இறக்கி 5 வோல்ட்டு பெற்றாலும், அந்த 5 வோல்ட்டுக் கம்பியைத் தொடும் கை வீட்டு மின்னையே தொடுகிறது. உயிருக்கு உறுதியில்லை. வீட்டு மின்னிலிருந்து எடுப்பதாயின் நடுவில் மின்மாற்றியின் பிரிவு இருந்தே ஆகவேண்டும். இதில் விலக்கு ஒன்றுமில்லை.

கெடுத்துப் பார்த்தல்

சுற்றை அமைத்து முடித்ததும் விளக்கெரிகிறதா என்று பார்த்து மகிழ்ந்து வீடு செல்வது தொழிலன்று. மேசைமேல் கைப்பேசிக்கு மாற்றாக ஒரு தடையைப் பூட்டி, அச்சுற்றை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வேண்டும்.

பின்னூட்டக் கம்பியை அறுங்கள், உருகி எரிகிறதா? சொடுக்கியின் இரு கால்களைக் கம்பியால் ஒட்டுங்கள். பன்மானி 6 வோல்ட்டைத் தாண்டியதும் மின் அறுகிறதா? முனைகளை மாற்றி இணையுங்கள். உருகியைத் தவிர ஏதேனும் எரிகிறதா? வெளியீட்டைக் குறுக்காக்கி நெடும்பொழுது விட்டுவையுங்கள். எந்த உறுப்பு சுடுகிறது? வெயிலில் மூடிய பெட்டிக்குள் முழுச்சுமையோடு ஒரு பகல் முழுதும் ஓட்டுங்கள். மாலையில் வெளியழுத்தம் காலையில் இருந்தபடியே உள்ளதா? இவ்வைந்தையும் தாங்கிய சுற்றே பிறர் வீட்டுக்குப் போகத் தக்கது. இவற்றைச் செய்யும்போது கண்ணுக்குக் கண்ணாடியும், அருகில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

அவையீர்! அம்பத்தூரிலும் ஆவடியிலும் பட்டறைகளில் உழைக்கும் கைகள் இத்தொழிலுக்குப் புதியவை அல்ல. பற்றாசு வைக்கத் தெரிந்தவர்க்கு இச்சுற்றை அமைப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அமைத்துக் கொடுப்பவரை நம்பி இரவெல்லாம் மின்கலத்தருகே உறங்குகிறது ஒரு குடும்பம். அது தொகுசுற்றின் பெயரை அறியாது. நொடிக்கு எத்தனை சொடுக்கு என்று கேளாது. உருகி எங்கிருக்கிறது என்று பாராது. அது அறியாத அனைத்தையும் அமைப்பவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே இன்றே வீட்டுக்குச் சென்று, முன்பு அமைத்துக் கொடுத்த ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மின்கல முனையில் உருகி இல்லையாயின், அதனைப் பொருத்திய பின் உணவு கொள்ளுங்கள்.